அக்ரோமெகலி நோயாளிக்கு ரியூப் போடும்போது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அக்ரோமெகலி என்றால் வளர்ச்சி ஓமோன் மிகையாகச் சுரந்து கை, தாடை, நாக்கு எல்லாம் பெருக்கும் நோய். அப்படி ஒருவரை மயக்கி, மூச்சுக்குழாய்க்குள் சுவாச ரியூப்பைப் போடமுன், "வாய் நல்லாத் திறக்குது சேர், மல்லம்பட்டி 2தான்" என்று போன கிழமை தியேட்டரில் ஒரு இளம் டொக்டர் சொன்னபோது எனக்கு முதுகு வியர்த்தது. வாயைத் திறந்தால் தொண்டை எவ்வளவு தெரிகிறது என்று 1 முதல் 4 வரை வகுப்பதுதான் மல்லம்பட்டி; 2 என்றால் சுகமாகப் போடலாம் என்று நினைப்பார்கள். பெரிய மாஸ்க், நீளமான பிளேட் எல்லாம் அவருக்குத் தெரியும். அவற்றை விடுவோம்.

குரலைக் கேளாமல் வாயை மட்டும் பார்ப்பது

திருகோணமலையில் என் தொடக்க காலம். பித்தப்பை சத்திரசிகிச்சைக்கு ஒரு கடற்றொழிலாளி வந்தார். மார்கழி மாதம், குரல் கரகரத்தது. "வாடைக்காத்துக்குத் தொண்டை கட்டிப்போச்சு ஐயா" என்றார். நானும் நம்பினேன். விரலில் மோதிரத்தைச் சதை மேவியிருந்தது. அடையாள அட்டைப் படத்தில் இருந்தவர் அவருடைய தம்பி மாதிரி. எல்லாம் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

மயக்கிய பிறகு நாக்கு ஒதுக்க ஒதுக்க வந்துகொண்டே இருந்தது. ஒருவாறு பூஜியை (ரியூப்புக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியை) விட்டு, அதன்மேல் 8 இலக்க ரியூப்பைத் தள்ளினேன். குரல்நாணைத் தாண்டியதும் நின்றுவிட்டது. திருகியும் அசையவில்லை. தட்டில் சின்ன ரியூப் இல்லை! தாதி ஓடிய நேரம் இரண்டு பேராக மாஸ்க்கைப் பிடித்தோம்; ஒக்சிமீட்டர் சத்தம் அடித்தொனிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. 6.5 போனது.

வளர்ச்சி ஓமோன் நாக்கையும் தாடையையும் மட்டுமா வளர்க்கும்? குரல்வளைச் சவ்வு தடிக்கும், குரல்நாண் சரியாக அசையாது, அதன் கீழே வழி ஒடுங்கும். மல்லம்பட்டி வாய்க்குள் தெரிவதைத்தான் சொல்லும். 2000இல் வெளியான ஓர் ஆய்வில் 128 நோயாளிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ரியூப் போடுவது கடினமாக இருந்தது. வகுப்பு 1, 2 என்று குறிக்கப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள்.

குரல் மாறியிருந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைக் கொண்டு கமராவால் குரல்நாணைப் பார்த்துவிடுங்கள், தம்பிமாரே. வாடையைச் சாட்டாதீர்கள். அங்கே ஒடுக்கம் என்றால், தொண்டையை மரக்கவைத்து, ஆள் விழித்திருக்கும்போதே வளையும் கமராவில் ஏற்றி ரியூப்பைப் போடுவதுதான் என் வழி. 6, 6.5, 7 மூன்றும் தட்டில் இருக்கட்டும்.

குறட்டை

தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு அடைபடுகிறதா என்று மனைவியிடம் கேளுங்கள்.

மணிக்கட்டு நாடி

இரத்த அழுத்தம் பார்க்க அந்த நாடிக்குள் லைன் (மெல்லிய குழாய்) போடமுன், மணிக்கட்டின் மற்ற நாடியால் உள்ளங்கைக்கு இரத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

அரை மயக்கத்தில் ரியூப்பை எடுப்பது

கூடாது. அந்த ஓமோனை மிகையாகச் சுரக்கும் கபச்சுரப்பிக் கட்டியை மூக்கு வழியாக எடுத்தவர் என்றால் மூக்கும் அடைபட்டிருக்கும். பிறகு சிபாப் (அழுத்தத்தோடு காற்றுக் கொடுக்கும்) மாஸ்க்கை அழுத்தலாம் என்று நினைக்கவும் வேண்டாம். காற்று மண்டையோட்டுக்குள் ஏறிவிடும். அந்தக் கடற்றொழிலாளி கண் விழித்து, சொன்னதைச் செய்து, தலையைத் தூக்கும்வரை காத்திருந்தேன். அதே கரகரத்த குரலில் முதலில் கேட்டார்: "மோதிரத்தை வெட்டிப்போட்டியளோ ஐயா?"