கீழ்ப்பழனி மலையில் கல்யாண முருங்கைப் போத்து நடும் முறை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்ப்பழனி மலை ஊர்களில் காப்பிக்கு நிழல்மரமாகவும் மிளகுக்கொடிக்குப் படர்மரமாகவும் நிற்கும் கல்யாண முருங்கையை விதையிட்டு வளர்ப்பதைவிடப் போத்து (வேர்விடும்படி நடும் கிளைத்துண்டு) நட்டு வளர்ப்பதே விரைவான வழியாகும். உறைபனி விழும் கொடைக்கானல் உயரத்துக்கு இம்மரம் ஏற்றதன்று.

மற்ற எல்லாவற்றையும்விடத் தாய்மரத் தேர்வுக்கே மிகுந்த கவனம் வேண்டும். இலைக்காம்பும் தளிரும் முண்டுமுண்டாக வீங்கியிருக்கும் மரத்தில் போத்து எடுக்கவே கூடாது. 2004-ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்ட மிகச்சிறிய குளவி ஒன்று இளந்தளிருக்குள் முட்டையிடுவதால் வரும் வீக்கம் அது. புழு உள்ளேயே வளர்வதால், மேலே தெளிக்கும் மருந்து அதை எளிதில் எட்டாது. போத்து வெட்டும் பங்குனியில் மரம் பெரும்பாலும் இலையுதிர்ந்து நிற்குமாதலால் நோயின் அடையாளம் அப்போது கண்ணில் படாது. ஆகவே, முந்தைய மழைக்காலத்திலேயே நன்கு தழைத்த மரங்களைப் பார்த்துக் குறியிட்டு வைக்க வேண்டும்.

மணிக்கட்டுப் பருமனுள்ள முற்றிய கிளையை 2 மீட்டர் நீளத்தில், அடியைச் சாய்வாக வெட்டி, மேல்வெட்டில் சாணம் பூசுங்கள். நீர்ப்பசை மிகுந்த மென்மரமாதலால், பச்சை வெட்டுவாயோடு ஈரமண்ணில் இறக்கினால் அழுகிவிடும்; வெட்டுவாய் உலர்ந்து கணுக்களில் முளை தெரியும்வரை சில வாரங்கள் நிழலில் சாய்த்து வைப்பது அவசியம்.

கோடைமழை மண்ணை நனைத்ததும், நீர் தேங்காத சரிவில் அரை மீட்டர் ஆழக் குழியில் நட்டு, மண்ணை மிதித்து இறுக்கி, சருகால் மூடாக்கு இடுங்கள். மிளகுக்கான மரங்களுக்கு 3 மீட்டர் இடைவெளி போதும். போத்து வேரூன்றி நிலைத்தபின், அடுத்த மழைக்காலத்தில், மரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி வடக்குப் பக்கத்தில் கொடியை நட்டால், தெற்கு வெயில் இளங்கொடியைச் சுடாது.

வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜனை) மரத்துக்குச் சேர்க்கின்றன. கவாத்தில் கழித்த தழையைக் காப்பிச்செடியின் அடியில் பரப்பினால் அச்சத்து மண்ணுக்கு வந்துசேரும். சில்வர் ஓக் மரம் நேராக வளர்ந்து நல்ல விலை தந்தாலும் இதைச் செய்யாது. அதற்காகக் கல்யாண முருங்கையை வெட்டித் தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும், மாசி, பங்குனியில் இலை உதிர்வதால் இதை மட்டும் நம்பினால் கடும் வெயிலில் காப்பி வாடும். இடையிடையே பலா, அத்தி போன்ற பசுமை மாறாத மரங்களும் நிற்கட்டும். கவாத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள். கோடை நெருங்கும் வேளையில் கிளையைத் தொட வேண்டாம்.