நத்தார் மரத்தில் நெருப்பு: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் குருநகர், பாஷையூர், இளவாலைப் பக்க வீடுகளில் நத்தார் (கிறிஸ்மஸ்) மரத்துக்கென்று சவுக்கங்கொப்பு வந்து இறங்கிவிடும். சவுக்கு நல்ல விறகு, பச்சையாகவே பிடித்து எரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதையே விறாந்தையில் நட்டுப் பஞ்சு வைத்து லைட் சுற்றும்போது யாருக்கும் அது நினைவு வருவதில்லை.

டிசம்பர் முதல் வாரமே வெட்டி, காய்ந்த மணல் வாளியில் குத்தி, ஜனவரி 6 மூன்று இராசாக்கள் திருநாள் வரை அப்படியே விடுவதுதான் முதல் தவறு. வெளியே மாரி மழை பெய்தாலும் வெட்டிய கொப்பு உள்ளே காயத்தான் செய்யும். நத்தாருக்குக் கிட்டவாக வெட்டுங்கள். மணலை நாளும் நனைத்து வையுங்கள், வயர் மட்டும் அந்த ஈரத்தில் படக்கூடாது. கையால் தடவும்போது பொலபொலவென்று உதிர்கிறதா? லைட்டைக் கழற்றிவிட்டு மரத்தை வெளியே எடுங்கள், திருநாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். பிளாஸ்டிக் மரம் காயாதுதான். ஆனால் பிடித்தால் உருகி, கறுத்த நச்சுப் புகை வீட்டை நிரப்பிவிடும்.

பெரிய ஆபத்து பழைய சோடனை லைட்டில்தான் இருக்கிறது. எரிந்துபோன பல்பை வெட்டி எறிந்து, இரண்டு வயரையும் முறுக்கி, செலோடேப் சுற்றிவிடுகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. தொடராக இணைத்த 20 சின்ன பல்புகள் 230 வோல்ட்டைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் 11.5 வோல்ட். நாலு பல்பை வெட்டிவிட்டால் மிச்சம் 16 பல்பும் ஆளுக்கு 14 வோல்ட்டுக்கு மேல் தாங்க வேண்டும். பிரகாசம் கூடும், கூடவே சூடும் கூடும். பக்கத்தில் பனி மாதிரி வைத்த பஞ்சு இருந்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? முறுக்கிய மூட்டு தளர்ந்தாலும் அந்த இடம் சுடும், சிலவேளை பொறியும் பறக்கும். செலோடேப் அந்தச் சூட்டுக்கு நிற்காது. அப்படி மூட்டுப் போட்ட மாலையை எறிந்துவிட்டு எல்இடி மாலை வாங்குங்கள். சூடு மிகக் குறைவு, கரண்டும் மிச்சம். எல்இடி என்றாலும் அரை மணித்தியாலம் எரியவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் பாவிக்க வேண்டாம். ஒரே மல்டி பிளக்கில் மரம், குடில், நட்சத்திரம், ஸ்பீக்கர் என்று எல்லாவற்றையும் கொழுவுவதும் அதே வகைத் தவறுதான்.

அப்புறம், 24ஆம் திகதி இரவு. நடுச்சாமப் பூசைக்கு வெளிக்கிடும் அவசரத்தில், வீடு வெளிச்சமாக இருக்கட்டும் என்று லைட்டைப் போட்டபடி எல்லோரும் கோயிலுக்குப் போய்விடுகிறோம். இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். கரண்ட் போன நேரத்தில் சுவிட்சை மறந்து படுத்துவிட்டால், சாமத்தில் கரண்ட் வந்து யாரும் பாராமலே மர லைட் எரிந்துகொண்டிருக்கும். வெளியே போகும்போதும் படுக்கும்போதும் பிளக்கையே கழற்றிவிடுவது நல்லது.

பாலன் குடிலில் வைக்கோலும் பனையோலையும் இருக்கும். அதற்குள் மெழுகுதிரி வேண்டாம், பற்றரி விளக்குப் போதும்.

மரத்தை வாசற்கதவுக்குப் பக்கத்தில் வைப்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. எங்கள் வீட்டு யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. வாசலில் மரம் எரிந்தால் பிள்ளைகளும் வயதானவர்களும் எந்த வழியால் வெளியே வருவது? பின்கதவுத் திறப்பு எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தீப்பிடித்தால் வயரில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பொறி அளவில் இருக்கும்போது மெயின் சுவிட்சை நிறுத்தி மணலைக் கொட்டலாம். கொப்பில் ஏறிவிட்டால் சோடனையையும் பரிசுப் பொதியையும் விட்டுவிட்டு எல்லோரும் வெளியே வந்து, மாநகர சபை தீயணைப்புப் பிரிவுக்கு அழையுங்கள். அந்த இலக்கத்தை இன்றே போனில் பதிந்து வையுங்கள்.

திருநாள் முடிந்ததும் காய்ந்த கொப்பைக் கிடுகு வேலியோரம் போட்டுக் கொளுத்தும் வழக்கமும் உண்டு. காய்ந்த சவுக்கு ஒரேயடியாக மூண்டு எழும், காற்றடித்தால் வேலிக்குத் தாவும். துண்டுதுண்டாகத் தறித்து அடுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.