பகிர்ந்த ஃபோல்டரில் பைல் திறக்குது, சேவ் ஆகுதில்லையா?

புறக்கோட்டை மொத்தக் கடையொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேஷ் கவுண்டர் கொம்பியூட்டரில் ‘கணக்கு’ ஃபோல்டர் ஷெயார் பண்ணியிருக்கிறது. மேல்மாடி ஸ்டோரில் இருப்பவருக்கு அதிலுள்ள எக்செல் பைல் திறக்கும். சேவ் கொடுத்தால் மறுக்கும்.

முதலில் அந்த ஃபோல்டருக்குள் புதிதாக ஒரு டெக்ஸ்ட் பைல் உருவாக்கிப் பாருங்கள். உருவானால் ஃபோல்டரில் பிழையில்லை; அந்த எக்செல் பைலைக் கீழே யாரோ திறந்து வைத்திருக்கக்கூடும். மூடச் சொல்லுங்கள், வேலை முடிந்தது.

உருவாகாவிட்டால்தான் பெர்மிஷன் (அனுமதி) பிரச்சினை. வின்டோஸில் இதற்கு இரண்டு பூட்டு: நெட்வேர்க்கால் வருவோருக்கு மட்டும் ஷெயார் பெர்மிஷன், எல்லோருக்கும் என்டிஎஃப்எஸ் (NTFS) பெர்மிஷன், அதாவது டிஸ்கிலுள்ள ஃபோல்டர், பைல் மீதே வைக்கும் அனுமதி. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். எந்தப் பூட்டு என்று அறிய, கேஷ் கவுண்டர் கொம்பியூட்டரிலேயே ஸ்டோர்காரரின் யூசர் பெயரில் லொகின் செய்து எழுதிப் பாருங்கள். அங்கே எழுதினால் ஷெயாரில் குறை. அங்கேயும் மறுத்தால் என்டிஎஃப்எஸ்ஸைத் திருத்துங்கள். அதன்பின் ஷெயாரையும் பார்த்துவிடுங்கள்.

ஷெயார்: ஃபோல்டரில் ரைட் க்ளிக், ப்ரொப்பர்ட்டீஸ், ஷெயாரிங், அட்வான்ஸ்ட் ஷெயாரிங், பெர்மிஷன்ஸ். வழக்கமாக அங்கே ‘எவ்ரிவன்’ பெயரில் ‘ரீட்’ மட்டும் டிக் ஆகியிருக்கும். பெரும்பாலும் கோளாறு இதுதான். ஸ்டோர்காரரின் யூசரைச் சேர்த்து ‘சேஞ்ச்’ கொடுங்கள்.

என்டிஎஃப்எஸ்: அதே ப்ரொப்பர்ட்டீஸில் செக்யூரிட்டி, எடிட், அட் (Add) போய் ஸ்டோர்காரரின் யூசரைச் சேருங்கள். ‘மொடிஃபை’ போதும். ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்தால் பெர்மிஷனையே அவர் மாற்றலாம். கணக்கு ஃபோல்டருக்கு அது வேண்டாத வேலை. ‘டினை’ (மறுப்பு) பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒரே ஃபோல்டரில் ‘அலவ்’, ‘டினை’ இரண்டும் நேரடியாகக் கொடுத்திருந்தால் ‘டினை’தான் வெல்லும்.

சில பழைய பைல்கள் மட்டும் அடம்பிடித்தால், அவை அதே டிரைவின் வேறு ஃபோல்டரிலிருந்து கட் பண்ணி ஒட்டப்பட்டவையா என்று பாருங்கள். அப்படி நகர்த்தினால் பழைய பெர்மிஷன் கூடவே வரக்கூடும். கொப்பி பண்ணினால் புது இடத்தின் பெர்மிஷன் கிடைக்கும்.

எல்லாம் சரி, இன்னும் எழுதவில்லையா? யூசரைப் புதிதாக ஒரு குரூப்பில் சேர்த்திருந்தால் லொக் ஒஃப் செய்து மறுபடி வர வேண்டும். அதுவரை பழைய உரிமைதான். ஸ்டோர் கொம்பியூட்டரின் கிரெடென்ஷியல் மனேஜரில் (யூசர் பெயர், பாஸ்வேர்ட்டை வின்டோஸ் சேமித்து வைக்கும் இடம்) வேறு யூசர் பெயர் சேமிக்கப்பட்டிருந்தால் அழித்துவிடுங்கள். யூசருக்கு பாஸ்வேர்ட்டே வைக்காதிருந்தால், வின்டோஸ் அவரை நெட்வேர்க் வழியாக உள்ளேயே விடாது.