முதுமையில் உடல் சமநிலை: வீட்டிலேயே சோதித்துப் பழகும் முறை

குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியதும் உடல் ஒரு பக்கமாகச் சாய்வதாகவும், சுவரைப் பிடித்தால்தான் நிற்க முடிவதாகவும் அறுபதைக் கடந்தவர்கள் சிலர் சொல்வதுண்டு. வீட்டில் உள்ளவர்கள் அதைப் பித்தம் என்றோ வயது என்றோ சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தடுமாற்றம், நிற்பதற்கு அந்த உடல் கண்ணையே அதிகமாக நம்பியிருக்கிறது என்ற செய்தியைத் தெளிவாகச் சொல்கிறது.

நிமிர்ந்து நிற்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வர வேண்டும். சுற்றியுள்ளவற்றைக் கண் காட்டுகிறது. தலை திரும்புவதை உட்செவியில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களும், தலை சாய்வதை அவற்றை ஒட்டியுள்ள இரண்டு சிறு பைகளும் உணர்த்துகின்றன. தரை எப்படி இருக்கிறது, உடலின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பவற்றைப் பாதத்தின் தோலும் கணுக்காலின் தசைகளும் மூட்டுகளும் அறிவிக்கின்றன. வயது ஏறும்போது உட்செவியின் உணர்செல்கள் குறைகின்றன. பாதத்தில் அதிர்வை உணரும் திறன் மங்குகிறது. நீரிழிவு இருந்தால் இந்த மங்கல் முன்னதாகவே வந்துவிடும். இதோடு, சட்டென்று சுருங்கும் தசையிழைகள்தாம் மற்றவற்றைவிட அதிகமாக மெலிகின்றன என்பதால், தடுமாறுவதை மூளை அறிந்த பிறகும் கால் அடுத்த அடியை எடுத்து வைப்பதற்குள் தாமதமாகிவிடுகிறது. கால் வலுவாகத்தானே இருக்கிறது என்று நினைப்பவரும் விழுவதற்கு இந்தத் தாமதம் ஒரு முக்கியக் காரணம்.

முதலில் சோதனை. சமையல் மேடையை ஒட்டி, வெறுங்காலுடன், பக்கத்தில் ஒருவரைத் துணைக்கு நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டும். இரு பாதங்களையும் ஒட்டி வைத்து 10 விநாடிகள் நில்லுங்கள். அடுத்து, ஒரு பாதத்தின் உட்பக்கம் மற்றதன் பெருவிரலைத் தொடும்படி அரையடி முன்னே வைத்து 10 விநாடிகள். மூன்றாவதாக, முன்பாதத்தின் குதிகால் பின்பாதத்தின் விரல்நுனியைத் தொடும்படி நேர்கோட்டில் வைத்து 10 விநாடிகள். கடைசியாக ஒற்றைக் காலில் 10 விநாடிகள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் முதியோருக்குப் பரிந்துரைக்கும் சோதனை இது. மூன்றாம் நிலையில் 10 விநாடிகள் நிற்க முடியாதவருக்கு விழும் அபாயம் கூடுதல் என்று அது கொள்கிறது. இன்னொரு சோதனையில், நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 12 விநாடிகளோ அதற்கு மேலோ ஆனால் கவனிக்க வேண்டும். கண்ணை மூடி நிற்கும் சோதனையை மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ விட்டுவிடுவதே நல்லது.

தினமும் காலையில் நடக்கிறேன், அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நடை இதயத்துக்கு நல்லது; சமநிலைக்கு அது மட்டும் போதாது. சமதரையில் பழகிய பாதையில் நடக்கும் உடல், தடுமாறி மீள்வதற்குப் பழகுவதே இல்லை. உலக சுகாதார நிறுவனமும் முதியோர் வாரத்தில் 3 நாட்களாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சிகளைச் செய்ய வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியிருக்கிறது.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வதில் தொடங்குங்கள். முடியாவிட்டால் இருக்கையின் மேல் ஒரு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். பிறகு மேடையைப் பிடித்தபடி குதிகால்களை உயர்த்தி மெல்ல இறக்குவது, பக்கவாட்டில் நடப்பது, குதிகாலை விரல்நுனியோடு சேர்த்து வைத்து நேர்கோட்டில் நடப்பது என்று ஏறிச் செல்லலாம். பிடியை இரு கைகளிலிருந்து ஒரு கைக்கும், ஒரு கையிலிருந்து ஒரு விரலுக்கும் குறைத்துக்கொண்டே வாருங்கள். சிறிதும் ஆட்டம் காணாத பயிற்சியால் பயனும் சிறிதே. ஆடும்போது பிடிக்க ஏதாவது கைக்கு எட்ட வேண்டும், அவ்வளவுதான். இவை எளிதான பிறகு, நடந்துகொண்டே நட்சத்திரங்களின் பெயர்களை அசுவினியிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிடுகிறவர்கள் அதிகம் விழுகிறார்கள் என்று 1997இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்வு காட்டியது. பேசியபடி நடப்பதும் பழக வேண்டிய திறன்தான்.

வீட்டைப் பொறுத்தவரை, வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்துங்கள். படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு எரியட்டும். சேலையோ வேட்டியோ கணுக்காலுக்குக் கீழே தழையக் கூடாது. கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் சேர்த்துப் போடும் கண்ணாடி, படியிறங்கும்போது படியின் விளிம்பை மங்கலாக்கும்.

மருந்துகளையும் பாருங்கள். தூக்க மாத்திரைகளும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் தள்ளாட்டம் தரக்கூடும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 20 புள்ளிகளோ கீழ் அளவு 10 புள்ளிகளோ இறங்கினால் அதுவும் சிகிச்சைக்கு உரியது. படுக்கையில் புரளும்போது மட்டும் அறையே சில விநாடிகள் சுழன்றால், பெரும்பாலும் உட்செவியின் நுண்துகள்கள் இடம் மாறியிருக்கும். தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பிப் பல சமயம் ஒரே அமர்வில் மருத்துவர் சரிசெய்துவிடுவார், மாதக்கணக்கில் மாத்திரை தேவைப்படாது. தள்ளாட்டம் திடீரென்று வந்து, கூடவே வாய் கோணினாலோ பேச்சுக் குழறினாலோ ஒரு கை தளர்ந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.