பெயரில்லாத 4,200 பக்கங்கள்: கல்லூரி நூலகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன். அங்கே நூலகர் பணியில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. சுறுசுறுப்பான பிள்ளை. "சார், ஒரு வீட்டுப் பழைய கணக்கேடு முழுசையும் டிஜிட்டல் பண்ணிட்டோம்" என்று கைப்பேசியை நீட்டினார். வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றுக்கும் கைப்பேசியே வைத்த எண். எந்த ஏடு, எந்த ஊர்க் கடை, எந்த வருஷம் என்று கேட்டேன். "பசங்கதான் சார் எடுத்தாங்க, கேட்டுச் சொல்றேன்" என்றார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2011-இல் காரைக்குடியில் நான் செய்த அதே காரியம்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புத்தகத்தை அலமாரி மாற்றி வைப்பது, நிலுவைப் புத்தகத்தைக் கேட்க மறப்பது போன்றவை ஆறு மாதத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டேன்.

சந்தா கட்டுவதோடு வேலை முடிந்தது என்று இருப்பது

என் தலைமுறை நூலகர்களுக்கு வருஷம் முழுக்கச் சந்தாவைச் சுற்றியே ஓடியது. எந்த ஆய்விதழை நிறுத்துவது, அதைத் துறைத்தலைவரிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் பெரிய கவலை. இப்போது அந்த வேலை நம் மேசையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. ஜெர்மனியில் டீல் என்ற கூட்டமைப்பு, நாட்டுக் கல்வி நிறுவனங்கள் எல்லாவற்றுக்குமாகப் பேசி வைலி, எல்சேவியர் என்ற பெரிய ஆய்விதழ்ப் பதிப்பகங்களோடு முறையே 2019-இலும் 2023-இலும் ஒப்பந்தம் போட்டது. இங்கே 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய்; 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் கீழ் உள்ள 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு இவை போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் இதை ஒருங்கிணைக்கிறது.

டெல்லியில் படிக்கும் பிள்ளைக்குக் கிடைக்கும் இதழ் காரைக்குடிப் பிள்ளைக்கும் கிடைத்தால் அது பெரிய நன்மை. ஆனால் எல்லா நூலகத்திலும் ஒரே சரக்கு இருக்கும்போது, நம்மிடம் மட்டும் இருப்பது என்ன என்ற கேள்வி வரும். உலகமெங்கும் பல்கலைக்கழக நூலகங்கள் தங்கள் வட்டாரத்துச் சேகரங்களின் பக்கம் திரும்பியிருப்பது இதனால்தான். நமக்கு அந்தச் சேகரம் எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டியதே இல்லை. ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் கடைகளின் பேரேடுகள், ஊருக்கு வந்த கடிதங்கள், இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தச் சீட்டுகள், மொய் ஏடுகள் எல்லாம் இந்தச் செட்டிநாட்டு வட்டாரத்துப் பழைய வீடுகளின் வளவுகளில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்த நகரத்தாரின் கணக்கு அது. பர்மாவின் வரலாற்றை எழுதுகிறவருக்கு அந்த ஏடு வேறு எங்கும் கிடைக்காது.

பெட்டி வந்த அன்றே ஸ்கேனரைத் திறப்பது

நான் நூலகப் பொறுப்புக்கு வந்த இரண்டாவது வருஷம். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், இரண்டு தகரப் பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆச்சி உட்கார்ந்திருந்தார். "எங்க ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனப்ப எழுதுனது தம்பி. பிள்ளைக யாருக்கும் இதைப் படிக்கத் தெரியலை. படம் புடிச்சுக்கிட்டுத் திருப்பிக் கொண்டாந்து வச்சிருங்க" என்றார். கடல் கடந்து போய்த் தொழில் செய்வதைத்தான் இந்தப் பக்கம் கொண்டுவிப்பது என்பார்கள்.

நீளவாக்கில் குறுகலான ஏடுகள். தோல் அட்டை, மேலே சிவப்புத் துணி. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் பிள்ளையார் சுழி. பற்றுக்கு ௶, வருஷத்துக்கு ௵ என்று குறிகள், தமிழ் எண்கள், கால் அரை மாகாணி என்ற பின்னங்கள். கறுப்பு மை சில இடங்களில் தாளைத் தின்று ஓட்டை போட்டிருந்தது.

நான்கு மாணவர்கள், இரண்டு ஸ்கேனர்கள், 19 நாட்கள். தினமும் சாயங்காலம் அலுவலகத்திலிருந்து ஒரே கேள்விதான் வரும்: இன்றைக்கு எத்தனை பக்கம்? நானும் கணக்குச் சொல்லிப் பாராட்டு வாங்கினேன். 4,200 பக்கம் முடிந்தது. பெட்டிகளைத் துடைத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். படங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில், ஸ்கேனர் கொடுத்த எண்ணோடு இருந்தன.

மூன்று வருஷம் கழித்து ஓர் ஆய்வாளர் வந்தார். கீழ்ப் பர்மாவில் நடந்த கொடுக்கல் வாங்கல் பற்றி எழுதுகிறவர். படங்களைத் திறந்து காட்டினேன். ஒரு பக்கத்தில் ரக்தாட்சி வருஷம் என்று இருந்தது. ரக்தாட்சி 60 வருஷத்துக்கு ஒருமுறை வரும். 1924-இலும் வந்தது, 1864-இலும் வந்தது. கணக்கைப் பார்த்தால் 1924 மாதிரிதான் தெரிந்தது. ஆனால் "மாதிரி" என்று ஆய்வேட்டில் எழுத முடியாது. எந்த ஊர்க் கடை என்றும் தெரியவில்லை. இரண்டு ஸ்கேனரின் படங்களையும் ஒரே கோப்புறையில் கொட்டியதால் இரண்டு ஏடுகளின் பக்கங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருந்தன. பேரேட்டின் ஒரு பக்கம், அடுத்த படம் வேறு ஏட்டின் நாள்குறிப்பு. அவர் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டு, நன்றி சொல்லிக் கிளம்பிவிட்டார்.

விவரமெல்லாம் எங்கே இருந்தது தெரியுமா? அட்டையின் உட்புறம் ஒட்டியிருந்த சீட்டில். விலாசம், கடை இருந்த ஊர், வருஷம், ஏட்டின் வகை எல்லாம் அந்த உள்ளங்கை அகலச் சீட்டில் எழுதியிருந்தன. அட்டை வெறும் தோல்தானே என்று ஒரு அட்டையைக்கூட நாங்கள் ஸ்கேன் செய்யவில்லை.

மறுநாளே அந்த வீட்டுக்கு ஓடினேன். ஆச்சி தவறி ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து, பாதிக்குப் பூட்டு. பெட்டிகள் பழைய பேப்பர்க்காரருக்கு எடைக்குப் போய்விட்டன என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அந்த 4,200 படங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. எத்தனை பக்கம் என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பக்கக் கணக்கை முன்னால் வைத்ததால்தான் அந்த ஏடுகள் போயின. கேட்டவர்கள் மேல் பாதிப் பழி. பதில் சொன்ன என் மேல் மீதி.

ஆகவே பெட்டி வந்தால் முதல் வாரம் ஸ்கேனரைத் தொடாதீர்கள். கொடுக்கிறவரோடு உட்காருங்கள். யார் எழுதியது, எந்த ஊரில், எந்தக் கடையில், பெட்டி யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் குரலையும் பதிவு செய்யுங்கள். படமெடுக்கவும் பொதுவில் வைக்கவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வீட்டாரின் கடன், கல்யாணம் பற்றிய தாள்களில் எதை வெளியிட வேண்டாம் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். பிறகு ஒவ்வொரு ஏட்டுக்கும் ஓர் எண். அந்த எண்ணை மெல்லிய பென்சிலால் துண்டுச் சீட்டில் எழுதி ஏட்டோடு வையுங்கள். ஏட்டின் மேல் எழுத வேண்டாம். முன் அட்டை, உள் அட்டை, வெற்றுப் பக்கம், பின் அட்டை என்று வரிசையாக எல்லாமே படமாக வேண்டும். கோப்பின் பெயரில் சேகரத்தின் குறி, ஏட்டின் எண், பக்க எண் மூன்றும் இருக்க வேண்டும். மூலப்படம், தரம் குறையாத டிஃப் வடிவில். பார்வைக்கு மட்டும் சிறிய பிரதி. விவரக்குறிப்புக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். டப்ளின் கோர் என்ற 15 தலைப்புகளில் பத்தை நிரப்பினாலே போதும். தமிழ் வருஷத்தை அப்படியே எழுதி, பக்கத்தில் ஆங்கில வருஷத்தையும், அதை எப்படிக் கணித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

இப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 30 பக்கம்தான் நகரும். நகரட்டும். பழைய தமிழ் அச்சு நூல்களைச் சேர்த்து வைத்த கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்த பிறகு அவர் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, 1994-இல் சென்னையில் நூலகமாக நிறுவியது. அங்கே படியெடுக்கும் வேலையும் அட்டவணை போடும் வேலையும் கைகோத்தே நடந்தன. இன்று ஒரு பழைய துண்டுப் பிரசுரத்தை அங்கே கேட்டால் கிடைக்கிறது என்றால் காரணம் அந்த அட்டவணைதான்.

ஒரே வன்தட்டை நம்புவது

2023 அக்டோபரில் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தை இணையக் கொள்ளையர்கள் தாக்கினார்கள். நூலகம் பணயப் பணம் தரவில்லை. ஏறத்தாழ 600 ஜிகாபைட் தகவலை அவர்கள் வெளியே கொட்டினார்கள். முதன்மை அட்டவணையே 2024 ஜனவரியில்தான், அதுவும் தேடிப் பார்க்க மட்டும், திரும்ப வந்தது. அங்குள்ள 19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு நூல்களைத் தேடுகிறவர்களுக்கும் அந்த மாதங்கள் இருட்டுதான். அவ்வளவு பெரிய இடத்துக்கே அந்தக் கதி. நீங்கள் மூன்று பிரதி வையுங்கள். ஒன்று வேறு கட்டடத்தில், இணையத்தோடு தொடர்பில்லாமல் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள்.

வெளியே எடுக்க வழியில்லாத மென்பொருளுக்குக் கையெழுத்துப் போடுவது

நூலக மென்பொருள் விற்க வருகிறவரிடம், "எங்கள் பதிவுகள் முழுவதையும் மார்க் வடிவில் எடுத்துத் தருவீர்களா?" என்று கேளுங்கள். நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம் அது. எழுத்தில் பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். 2000-இல் நியூசிலாந்தின் சின்ன ஊர் நூலகங்களில் பிறந்த கோஹா என்ற நூலக மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது.

வருகைப் பதிவேட்டை மட்டும் காட்டுவது

நூலகம் எவ்வளவு பயன்படுகிறது என்று கேட்டால் அந்த ஏட்டை மட்டும் நீட்டாதீர்கள். குளிர்சாதனத்துக்காக வந்தவரும் அதில் இருக்கிறார்.

சாட்ஜிபிடியைத் தடை செய்துவிட்டு ஓய்வது

இல்லாத கட்டுரையைத் தேடி வரும் மாணவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது வருகிறார்கள். ஆசிரியர் பெயர், இதழின் பெயர், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். கட்டுரை மட்டும் உலகத்தில் இருக்காது. முதலில் நான் திட்டி அனுப்பினேன். அவர்கள் அடுத்த முறை வராமல் போனார்களே தவிர, அந்த மேற்கோள் ஆய்வேட்டில் ஏறிவிட்டது. இப்போது பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டிஓஐ எண்ணைப் போட்டுத் தேடி, இதழின் அந்த வருஷத் தொகுதியை அவர்களையே திறந்து பார்க்கச் சொல்கிறேன். பத்து நிமிஷம் ஆகிறது. ஒருமுறை பார்த்த பிள்ளை அடுத்த தடவை தானே சரிபார்த்துக்கொண்டு வருகிறது.

ஆராய்ச்சிக் குழுவில் நாற்காலி கேட்காமல் இருப்பது

2019 பிப்ரவரியில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் எல்சேவியரின் சந்தாவை விட்டது. இரண்டு வருஷம் தாக்குப்பிடித்து, 2021 மார்ச்சில் தனக்கு ஏற்ற ஒப்பந்தத்தோடு திரும்பியது. பேச்சுவார்த்தையில் நூலகர்களோடு பேராசிரியர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நெருக்கடி வந்த பிறகு போய்க் கூப்பிட்டால் அப்படி யாரும் வந்து உட்கார மாட்டார்கள்.

நம் கல்லூரிகளில் ஆராய்ச்சிக் குழுக் கூட்டம் முடிந்த பிறகு தீர்மானத்தின் நகல்தான் நூலகத்துக்கு வரும். நானும் பல வருஷம் நகலை வாங்கிக் கோப்பில் போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல்வரிடம் போய், "எனக்கும் ஒரு நாற்காலி வேண்டும் ஐயா" என்று கேட்டேன். கொடுத்தார். முதல் கூட்டத்துக்கு ரக்தாட்சிப் பக்கத்தின் படியை எடுத்துக்கொண்டு போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். வரலாற்றுத் துறையிலிருந்து இரண்டு ஆய்வு மாணவிகளைக் கொடுத்தார்கள். பழைய கணக்கு எழுத்துப் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் பள்ளத்தூரிலிருந்து சனிக்கிழமைதோறும் பேருந்தில் வருகிறார். வேறொரு வீட்டிலிருந்து வந்த பெட்டியில் இப்போது வேலை நடக்கிறது; இதுவரை மூன்று ஏடு முடிந்திருக்கிறது. நான்காவதின் உள் அட்டைச் சீட்டைப் போன சனிக்கிழமைதான் படித்தோம்.