வன்னியில சொந்த லொறி எடுக்கப்போறீங்களா? லோட்டைப் பாத்திட்டு லொறியைப் பாருங்கோ

சொந்தமா ஒரு லொறி எடுத்து தானே ஓட்டி உழைக்கோணும் எண்டு நினைக்கிற பெடியள் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நிறையப்பேர் இருக்கினம், எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், "அண்ணை எந்த லொறி நல்லம்?" உதுக்கு ஒரே பதில் சொல்ல ஏலாது. மாங்குளத்தில கிரவல் அடிக்கிறவருக்கு நல்ல லொறி முல்லைத்தீவுக் கரையில மீன் ஏத்திறவருக்கு நட்டம். அதால முதல் தடவை எடுக்கிற ஆக்களுக்கு விளங்கிற மாதிரி ஒவ்வொரு படியா எழுதிறன், ஆறுதலா வாசியுங்கோ.

படி 1: என்ன ஏத்தப் போறீங்கள்?

லொறி பாக்கப் போறதுக்கு முதல் ஒரு கொப்பியை எடுத்து உங்கட ஊரில எந்த மாசம் என்ன சாமான் வெளியில போகுது எண்டு எழுதுங்கோ. காலபோக நெல்லு பெப்ரவரி, மார்ச்சில வெட்டு, இரணைமடு, முத்தையன்கட்டுப் பக்கம் தண்ணி இருந்தா சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில. இடைப்பட்ட மாசங்களில என்ன செய்வீங்கள் எண்டதுதான் உண்மையான கேள்வி. கச்சானும் தேங்காயும் மரக்கறியும் தம்புள்ளைக்குப் போகும், ஆனா திரும்பி வரேக்க வெறும் பெட்டியோட வந்தா அந்தப் பயணத்தில மிஞ்சிறது ஒண்டுமில்லை. ரிட்டேன் லோட் எங்க கிடைக்கும் எண்டும் அதே கொப்பியில எழுதுங்கோ, திருகோணமலையில சீமெந்துத் தொழிற்சாலையும் மா ஆலையும் இருக்கு, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில மலைநாட்டு மரக்கறி ஏத்தலாம், இப்பிடி போற வழிக்கும் வாற வழிக்கும் சாமான் பொருந்தினாத்தான் லொறி உழைக்கும்.

மண், கிரவல், கல் எண்டு டிப்பர் யோசிக்கிற ஆக்கள் ஒண்டைக் கவனியுங்கோ. மண் ஏத்த புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின்ர அனுமதி வேணும், அந்தப் பேப்பர் இல்லாமப் பிடிபட்டா வழக்கு, லொறி பொலிஸ் வளவுக்குள்ள வெயிலிலயும் மழையிலயும் நிக்கும், லீசிங் மட்டும் மாசாமாசம் ஓடிக்கொண்டே இருக்கும். லீசிங்கில எடுத்த டிப்பரை வச்சு களவு மண் அடிக்கிற எண்ணம் இருந்தா தயவுசெய்து விட்டிடுங்கோ, குடும்பமே றோட்டுக்கு வந்திடும்.

படி 2: சைஸும் லைசன்ஸும்

மொத்த நிறை 3,500 கிலோவுக்கு மேல 17,000 கிலோ வரைக்கும் சி1 லைசன்ஸ் வேணும், அதுக்கு மேல சி, கொன்ரெயினர் இழுக்கிற பிறைம்மூவர் எண்டா சிஈ. மொத்த நிறை எண்டா லொறியும் லோட்டும் சேத்து. டாடா 1615 இல முன்னுக்கு நிக்கிற 16 தான் தொன் கணக்கில ஏறக்குறைய மொத்த நிறை, அதில லொறியின்ர சொந்த நிறையைக் கழிச்சா வாறதுதான் நீங்கள் ஏத்தலாம், 16 தொன் நெல்லு ஏத்தலாம் எண்டு நினைச்சிடாதேங்கோ.

கனவு எல்லாருக்கும் பெருசுதான், 40 அடிக் கொன்ரெயினர் இழுக்கோணும் எண்டு. ஆனா புதுக்குடியிருப்பு உள் ஒழுங்கையளுக்குள்ள, மாரி மாசம் கார்த்திகை மார்கழியில வயல்கரை றோட்டுகளுக்குள்ள அதைக் கொண்டுபோய்த் திருப்ப ஏலாது. தொடங்கிற ஆளுக்கு என்ர விருப்பம் பெட்டி பதினாலரை அடி நீளமான மிற்சுபிசி கன்டர், இல்லாட்டி அதே அளவு இசுசு எல்ஃப், பின்னுக்கு இரட்டைச் சில்லு. ஊருக்குள்ளயும் போகும், ஏ9 இலயும் ஓடும். பட்டா எண்ட குட்டி லொறி சின்னச் சாமானுக்கு நல்லம், நெல்லுக்குச் சரிவராது.

படி 3: எந்த எஞ்சின்?

2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிப்பாட்டி 2025 இல திரும்பத் திறக்கும் வரைக்கும் புது லொறி வரேல்லை, அதால பழசுகளின்ர விலை நல்லா ஏறிப்போச்சு. கனபேர் இப்பவும் பழசுதான் எடுக்கினம். பழசில கன்டரின்ர 4டி33, எல்ஃபின்ர 4எச்எஃப்1 ரெண்டும் பம்பால டீசல் அடிக்கிற பழைய முறை எஞ்சின், கிளிநொச்சியிலயோ வவுனியாவிலயோ எந்தக் கராஜிலயும் இறக்கி ஏத்துவினம், சாமானும் கிடைக்கும். புதுசா வாற கொமன் றெயில் எஞ்சின் (கொம்பியூட்டர் கட்டுப்பாட்டில டீசல் அடிக்கிற வகை) டீசல் குறைய எடுக்கும், இழுவையும் நல்லம், ஆனா டீசலுக்குள்ள தண்ணி, தூசி கலந்தா இன்ஜெக்டர் போயிடும், பிழை பாக்க ஸ்கானர் வேணும். என்ர கேள்வி எப்பவும் இதுதான்: ஒட்டுசுட்டானில ராவு ஒம்பது மணிக்கு நிண்டிட்டா ஆர் வந்து பாப்பினம்? அதுக்குப் பதில் இருக்கிற லொறியை எடுங்கோ.

படி 4: லொறியைப் பாக்கப் போறது

காலமை போங்கோ, போறதுக்கு முதல் எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் எண்டு ஓனரிட்டச் சொல்லி வையுங்கோ. சூடா இருக்கிற எஞ்சின் எல்லாத்தையும் மறைக்கும். குளிரில ஒரே அடியில ஸ்டார்ட் வரோணும். புகை நீலமா வந்தா ஒயில் எரியுது, விடாமக் கறுப்பா வந்தா பம்போ இன்ஜெக்டரோ பிழை, வெள்ளைப் புகை சூடாகின பிறகும் நிக்காட்டி ஹெட் காஸ்கெட்டை (எஞ்சின் தலைக்குக் கீழ இருக்கிற அடைப்புத் தகடு) சந்தேகப்படுங்கோ. ஒயில் மூடியைத் திறந்து பாருங்கோ, ஒயில் பால்தேத்தண்ணி மாதிரி இருந்தா தண்ணி கலந்திருக்கு, கதைச்சுக்கொண்டு நிக்காம வீட்டை வாங்கோ.

பிறகு கீழ படுத்துப் பாருங்கோ, வெட்கப்படாதேங்கோ. செஸியில, அதாவது லொறியின்ர அடிச்சட்டத்தில, ஸ்பிரிங் பூட்டுற இடங்களில வெடிப்பு, புதுசா வெல்டிங், அதுக்கு மேல புதுப் பெயின்ற் இருக்கோ எண்டு விரலால தடவிப் பாருங்கோ. ஓவர்லோட் அடிச்ச லொறி அங்கதான் பிடிபடும். முல்லைத்தீவு, கொக்கிளாய்ப் பக்கம் மீன் ஏத்தின லொறி எண்டா உப்புத்தண்ணி பெட்டியால ஒழுகி செஸியைத் தின்றிருக்கும், வெளியால பளபளப்பா இருக்கும். முன் சில்லை ஜாக்கில தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்கோ, ஆடினா கிங் பின் (முன் சில்லு திரும்பிற அச்சாணி) அல்லது பெயரிங் தேய்வு. ஓடிப் பாக்கேக்க பின் டிஃப்ரென்சலில (பின் சில்லுகளைச் சுத்துற கியர்) ஊளையிடுற சத்தம் வருதோ எண்டு றேடியோவை நிப்பாட்டிட்டுக் கேளுங்கோ, ஏலுமெண்டா லோட்டோட ஓடிப் பாருங்கோ, வெறும் லொறி எல்லாம் நல்லாத்தான் ஓடும். ரயரும் பாருங்கோ, ஆறு ரயர் ஒண்டா மாத்திற நிலைமை எண்டா அந்தக் காசை விலையில குறைக்கச் சொல்லிக் கேளுங்கோ.

உங்களுக்கு நம்பிக்கையான மெக்கானிக் ஒருத்தரைக் கூலி குடுத்துக் கூட்டிக்கொண்டு போங்கோ. விக்கிறவர் கூட்டிவாற மெக்கானிக் வேண்டாம்.

படி 5: புக்

புக்கில, அதாவது லொறியின்ர பதிவுப் புத்தகத்தில, இருக்கிற செஸி நம்பர், எஞ்சின் நம்பரை லொறியில அடிச்சிருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிடுங்கோ. முழு உரிமையாளர் எண்ட இடத்தில லீசிங் கொம்பனி பேர் இருந்தா கடன் இன்னும் முடியேல்லை, முடிச்ச கடிதம் வராமக் காசு குடுக்காதேங்கோ. ஓப்பின் பேப்பரில, அதாவது புக்கை உங்கட பேருக்கு மாத்தாம, வாங்கி ஓடுறது வன்னியில சாதாரணமா நடக்குது, நான் அதை விரும்பேல்லை, ஏதும் விபத்து நடந்தா உங்கட லொறி எண்டு காட்ட உங்களிட்ட ஒண்டுமில்லை. பிற்னஸ் (லொறி ஓடத் தகுதி எண்ட சான்றிதழ்), புகை ரெஸ்ட், இன்சூரன்ஸ், வருமான அனுமதிப்பத்திரம் நாலையும் திகதியோட பாருங்கோ.

படி 6: கணக்கு

கிளிநொச்சியில இருந்து தம்புள்ளை கிட்டத்தட்ட 180 கிலோமீற்றர், போய்வர 360. லொறி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் எண்டு வச்சா 60 லீற்றர் டீசல். அதோட கிளீனர் சம்பளம், சாப்பாடு, சாமான் ஏத்தி இறக்கிற நாட்டாமைக் கூலி, ரயர் தேய்வு, ஒயில், உங்கட சொந்தச் சம்பளம். கடைசியாச் சொன்னதை எல்லாரும் விட்டிடுவினம், ஓனர் தானே ஓடுறார் எண்டு. உங்கட உழைப்புக்குக் கூலி போட்ட பிறகு மிஞ்சிறதாலதான் லீசிங் கட்டோணும். மாசத்தில எத்தினை லோட் நிச்சயமாக் கிடைக்கும் எண்டு குறைஞ்ச மாசத்தை வச்சுக் கணக்குப் பாருங்கோ, நெல்லு வெட்டு மாசத்தை வச்சுப் பாக்காதேங்கோ. அந்தக் குறைஞ்ச மாசத்திலயும் கட்டுக்காசு வராட்டி விலை குறைஞ்ச லொறி எடுங்கோ, இல்லாட்டி முற்பணத்தைக் கூட்டுங்கோ.

படி 7: வாங்கின கிழமை

எஞ்சின், கியர்பொக்ஸ், டிஃப்ரென்சல் மூண்டு ஒயிலும் மாத்துங்கோ, பழைய ஓனர் மாத்தினவர் எண்டு சொன்னாலும். டீசல் ஃபில்டர், எயார் ஃபில்டர், ஃபான் பெல்ற், பிரேக் லைனர் பாருங்கோ. நல்ல படங்கு ஒண்டு, கயிறு, ஜாக், ஸ்ரெப்னி லொறியில இருக்கோணும், மழைக்குள்ள நெல்லு நனைஞ்சா அந்த மூட்டைக்கு நீங்கள்தான் பொறுப்பு. முதல் லோட்டைத் தூர இடத்துக்கு எடுக்காதேங்கோ, பரந்தனில இருந்து விசுவமடு மாதிரி கிட்டடிக்கு அரைவாசி லோட் ஏத்தி ஓடிப்போட்டு, வந்து சில்லு நட் எல்லாத்தையும் திரும்ப இறுக்கி, ஒழுக்கு ஏதும் இருக்கோ எண்டு கீழ பாத்திட்டு பிறகு தம்புள்ளைக்கு ஏத்துங்கோ.