ஊழியர் வேனில் கூடுதல் கருவிகளை கேன் மாட்யூல் வழியாக இணைப்பது எப்படி?

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் பின்புறக் கேமராவோ கதவு பஸ்ஸரோ வாங்கி வந்து, ரிவர்ஸ் விளக்கின் வயரை உரித்து அதிலேயே முறுக்கி இணைக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இன்றைய வேன்கள் பலவற்றில் விளக்குகளின் மின்சுமையை வண்டியின் கணினியே கண்காணிப்பதால், கூடுதல் சுமையை அது பழுதென்று கருதி அந்த மின்சுற்றையே நிறுத்திவிடக்கூடும். கேன் மாட்யூலோ, கேன் (CAN) எனும் இரு வயர் இணைப்பின் வழியே வண்டியின் கணினிகள் தமக்குள் பரிமாறும் கியர், கதவு, வேகம் பற்றிய செய்திகளைக் கேட்டு, அதற்கேற்பத் தன் வெளியீட்டு முனைகளை இயக்குகிறது.

இச்செய்திகளின் குறியீடு தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். ஆகவே முதலில், உங்கள் வண்டியின் மாதிரியும் ஆண்டும் மாட்யூலின் பட்டியலில் உள்ளனவா என்று பாருங்கள்.

அடுத்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து, பழுதறியும் கருவியை மாட்டும் ஓபிடி (OBD) சாக்கெட்டின் 6, 14 ஆம் முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கேன் இணைப்பின் இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். 120 காட்டினால் எங்கோ இணைப்பு விட்டிருக்கிறது, பூஜ்யத்தை நெருங்கினால் இரு வயர்களும் ஒட்டியிருக்கின்றன. நடுவே கேட்வே (சாக்கெட்டை உள் இணைப்பிலிருந்து பிரித்து வைக்கும் இடைக்கணினி) உள்ள வண்டிகளில் மட்டும், மாட்யூல் கையேடு காட்டும் இடத்தில் அளக்க வேண்டும்.

பிறகு மாட்யூலின் கேன்-ஹை வயரை வண்டியின் கேன்-ஹை வயருடனும், கேன்-லோவை லோவுடனும் இணையுங்கள். வாரண்டியில் உள்ள வண்டிக்கு, வயரின் மேலுறையை உரிக்காமலே அதன் மேல் கவ்விப் படிக்கும் கிளிப் வகையையே நான் பரிந்துரைப்பேன். மாட்யூலுக்குள் 120 ஓம் மின்தடை இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். இல்லையெனில் மொத்தம் 40 ஓமாகக் குறைந்து, செய்திகள் சிதையலாம்.

மாட்யூலின் வெளியீடு சிறிய மின்னோட்டத்தையே தாங்கும் என்பதால், எச்சரிக்கை விளக்கு போன்றவற்றுக்கு ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைத்து, 85, 86 முனைகளில் மாட்யூலையும், 30, 87 முனைகளில் பேட்டரியையும் விளக்கையும் இணைக்க வேண்டும். ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். ஏஐஎஸ் 140 என்ற இந்தியத் தரநிலைப்படியான இருப்பிடக் கருவியின் வயரிலிருந்து மட்டும் எக்காரணத்தாலும் மின்சாரம் எடுக்காதீர்கள். இரவுப் பணி முடிந்து எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து திரும்பும் பெண்களின் அவசரப் பொத்தான் அதை நம்பியிருக்கிறது.

இறுதியாக பேட்டரியை மீண்டும் இணைப்பதற்கு முன் மின்தடையை அளந்து, பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். வார விடுமுறையில் இரண்டு நாள் நிற்கும் வேன் திங்கட்கிழமை விடியற்காலையில் கிளம்ப வேண்டுமே. எனவே வண்டியைப் பூட்டிச் சிறிது நேரம் சென்றபின், மாட்யூல் உறக்க நிலைக்குப் போய் மின்னோட்டம் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறங்குகிறதா என்பதையும் சோதித்த பிறகே ஓட்டுநரிடம் சாவியைக் கொடுங்கள்.